பிஞ்சாம் காடியும் இரண்டு பழுப்புப் போத்தல்களும்

படிக்கிறவர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். மருந்துப் போத்தலில் ஒட்டும் சீட்டை விட நீளமாக எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குள் போய்விடுவேன். முகங்கள் நினைவிருக்கின்றன, பெயர்களும் வருடங்களும் நழுவுகின்றன. நம் தோட்டத்துப் பழைய ஆட்கள் போடும் நினைவு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று தேவி கேட்டபோது முடியாது என்றுதான் சொன்னேன். தேவி தானா ராத்தா டவுன் கிளினிக்கில் நர்ஸ். விடுகிற பெண் இல்லை.

அவள் கேட்டதற்குக் காரணம் என் அண்ணன் மகனின் கார். போன மாதம் அவனுக்குக் கம்பெனியிலிருந்து செய்தி வந்தது. காரில் ஏதோ ஒரு சாமான் சரியில்லையாம், கொண்டுவந்து கொடுத்தால் மாற்றித் தருவார்களாம், சாமான் வந்து சேரும்வரை வேறு கார் தருவார்களாம். அந்த வேறு காரில்தான் அவன் என்னை ரத்த அழுத்தம் பார்க்கக் கிளினிக்குக்கு ஏற்றி வந்தான். வாசலில் இறங்கியதும் “இது நம்ம காடி இல்ல அத்த, கம்பெனி குடுத்தது” என்றான்.

“ஓ, பிஞ்சாம் காடியா?” என்று கேட்டுவிட்டு நானே சிரித்துவிட்டேன். பிஞ்சாம் என்றால் மலாயில் இரவல், காடி என்றால் எங்கள் பேச்சில் கார். ஏன் சிரிக்கிறீர்கள் பாட்டி என்று தேவி கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். கொஞ்சம் சொன்னேன். அன்றைக்கு என் ரத்த அழுத்தம் ஏறித்தான் இருந்தது. அது பேசியதால் வந்ததுதான் என்று நினைக்கிறேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போனேன். கூட்டத்தில் எனக்குப் பேச வராது. ஆஸ்பத்திரிக்கு ஓர் ஆயா வேண்டும், தமிழ் எழுத்துக் கூட்டி வாசித்தால் போதும் என்று கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி சொன்னபோது, வாய் பேசாதவளுக்கு அது சரியான வேலை என்று என் அம்மா என்னை அனுப்பிவைத்தார். ஊசி அவிப்பது, பஞ்சு வெட்டுவது, போத்தல் கழுவுவது, சீட்டு ஒட்டுவது, பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து மருந்தை உள்ளே தள்ளுவது எல்லாவற்றையும் ஒரு மழைக்காலத்துக்குள் கற்றுக்கொண்டேன். மருந்து குடித்த பிள்ளைக்கு ஒரு துண்டு கல்கண்டு கொடுப்பேன். அதனால் பிள்ளைகள் எனக்குக் ‘கல்கண்டு ஆயா’ என்று பெயர் வைத்தார்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால் வெட்கத்தில் உள்ளறைக்குப் போய்விடுவேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு நீள பெஞ்சு. அதற்கு ராஜா டிரெஸ்ஸர் ஐயா. டாக்டர் மாதம் ஒருமுறை வந்து போவார், மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸர்தான் வைத்தியம். எங்கள் டிரெஸ்ஸர் கனகசபை ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தமிழைக் கேட்டு முதலில் எனக்குச் சிரிப்பு வரும், பிறகு அதுவே பழகிவிட்டது. வெள்ளைக் கால்சட்டை எப்போதும் தேய்த்திருக்கும். நோயாளி நிற்கும்போது அவர் உட்கார மாட்டார். அவரைத் தவிர யாரும் என்னை ‘நீர், வாரும்’ என்று பேசியதில்லை. கோபம் வந்தால் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, “மறுபடியும்” என்று ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல்லுக்குக் கத்தலே தேவலை என்று தோன்றும்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரிய போத்தலிலிருந்து மருந்து ஊற்றும் முன் சீட்டை வாய்விட்டு வாசிப்பார். “பிள்ளை இருமல்.” நான் திருப்பிச் சொல்ல வேண்டும். “பிள்ளை இருமல், ஐயா.” சொன்ன பிறகுதான் மூடியைத் திறப்பார். நூறு பேர் வரிசையில் நின்றாலும் நூறு தடவை. நோயாளிகள் வீட்டிலிருந்து காலிப் போத்தலைக் கழுவிக் கொண்டுவருவார்கள், அதில்தான் ஊற்றிக் கொடுப்போம். என் குரல் அவருக்கே கேட்காது. “பிள்ளை, கொசு வந்து சொன்னதோ, நீர் சொன்னதோ?” என்பார். விறாந்தையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

இருமல் மருந்து இரண்டு வகை. இரண்டும் சிவப்பு, இரண்டும் பழுப்புப் போத்தலில் டவுனிலிருந்து வரும். பிள்ளைகள் மருந்து வெறும் இனிப்பு. பெரியவர்கள் மருந்தில் தூக்கம் வரவைக்கும் சரக்கு கலந்திருக்கும். சின்னப் பிள்ளை அதைக் குடித்தால் மூச்சே அடங்கிப்போகலாம் என்று ஐயா எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். அந்தப் போத்தல்களை ஆஸ்பத்திரி வேனில் மாரிமுத்து அண்ணன் கொண்டுவருவார். வேனுக்குள் அவரே பலகையில் ஒரு பெட்டி செய்து அடித்திருந்தார், இரண்டு குழியோடு. டிரைவர் பக்கக் குழியில் பிள்ளை மருந்து, கதவுப் பக்கக் குழியில் பெரியவர் மருந்து. மாறினதே கிடையாது.

அந்த வேனை மாரிமுத்து அண்ணன் பெண்சாதியை விட நன்றாகக் கவனிக்கிறார் என்று அவர் பெண்சாதியே சொல்வார். வெள்ளிக்கிழமை தோறும் கழுவி, விபூதி பூசி, எலுமிச்சம்பழம் வெட்டுவார். அதன் ஹாரன் தொண்டை கட்டின ஆள் இருமுவது போல இருக்கும். அந்தச் சத்தம் கேட்டால் கொழுந்து லோரிகூட ஓரம் கட்டும், லயத்து வரிசை வீடுகளிலிருந்து பிள்ளைகள் ஓடி வரும்.

எண்பதுகளின் தொடக்கம் என்று நினைக்கிறேன். ஒருநாள் மாரிமுத்து அண்ணன் முகம் சுண்டிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

“கிராணிக்கு ஈப்போலருந்து போன் வந்துச்சாம் ஐயா. வேன கம்பெனி திரும்பக் கூப்பிடுதாம்.”

திரும்பக் கூப்பிடுவது என்றால் எங்களுக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். முன்பு ஒரு துரையைச் சீமைக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவர் செய்த ஏதோ கோளாறுக்காக. அதனால் வேனுக்கு வேலை போய்விட்டது என்றே மாரிமுத்து அண்ணன் நினைத்தார்.

“எவ்ளோ நல்லா வெச்சிருந்தேன் லா. ஒரு கீறல் உண்டா? எதுக்குக் கூப்பிடறான்?”

டிரெஸ்ஸர் ஐயா ஆபீசுக்கே போய் விசாரித்து வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இணைப்பு, அது எங்கேயோ ஒரு ஊரில் ஒரு வேனில் கழன்றுவிட்டதாம். அதற்காக அதே மாதிரி எல்லா வேனையும் கூப்பிட்டு மாற்றிக் கொடுக்கிறார்களாம்.

“எங்கட வேனில கழன்றதோ?” என்று கேட்டார் ஐயா.

“நம்மளதுல எப்பிடி ஐயா கழலும்?”

“கழலேல்லை. ஒருத்தரும் போய் முறைப்பாடு சொல்லவுமில்லை. எண்டாலும் கொம்பனி தானாகவே, ‘என்னட்டப் பிழை இருக்கு, கொண்டு வாரும்’ எண்டு சொல்லுது. பிள்ளை, நீர் இப்பிடி ஒண்டு கேள்விப்பட்டிருக்கிறீரோ?”

நான் கேள்விப்பட்டதில்லை. என் வாழ்க்கையில் பிழை என்றால் அடுத்தவர் கண்டுபிடித்துச் சொல்வது, அதை மறுத்து நிற்பது, அவ்வளவுதான். கங்காணி தப்பைக் கிராணி மேல் போடுவார், கிராணி எங்கள் மேல் போடுவார். யாரும் கேட்காமலே ஒருவன் வந்து என் தப்பு என்று ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் அவனுக்கு என்ன லாபம்? போத்தல் கழுவும்போதெல்லாம் இதையே யோசித்தேன். ஐயாவும் அதையேதான் யோசித்திருக்கிறார். இரண்டு நாள் கழித்து, ஒருவரின் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர், திடீரென்று “எல்லா வேனையுமோ!” என்றார். புண்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

ஈப்போவுக்குப் போன மாரிமுத்து அண்ணன் ஒரு வெள்ளைக் காரில் திரும்பி வந்தார். மாற்றுச் சாமான் கப்பலில் வர வேண்டும், அதுவரைக்கும் இது. புதுக்கார். மெத்தை மெத்தையாக ஸீட்டு, வெல்லம் போல ஒரு புது வாசம். கதவை அடைத்தால் ‘டொப்’ என்று அடங்கின சத்தம். நான் ஆள் இல்லாத நேரம் பார்த்து இரண்டு தடவை கதவைத் திறந்து அடைத்துப் பார்த்தேன். கண்ணாடி இறக்கும் கைப்பிடி, சாம்பல் தட்டும் சின்னப் பெட்டி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன்.

மாரிமுத்து அண்ணனுக்கு மட்டும் அதன் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை. மழை வந்து வைப்பர் போடப் போனால் வேறு ஏதோ விளக்கு எரியும். வெள்ளிக்கிழமை வந்தது, பூசை இல்லை.

“ஏண்ணே, பழம் வெட்டலயா?” என்று கேட்டேன்.

“அடுத்தவன் காடிக்கு நான் ஏன் தங்கச்சி வெட்டணும்? பிஞ்சாம் காடி. வந்த மாதிரி போயிரும்.”

அந்த வாரம் ஐயாவும் அண்ணனும் மருந்து எடுக்க டவுனுக்குப் போனார்கள். காரில் குழி வைத்த பெட்டி ஏது? போத்தல்களைப் பின்பக்கச் சாமான் பெட்டியில் துணி சுற்றிப் படுக்க வைத்தார்கள். தானா ராத்தாவிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அடைமழை. அந்தப் பெட்டியின் மூடி சரியாக அழுந்தாமல் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. வந்து திறந்தால் சீட்டெல்லாம் ஊறிக் கழன்று, எது எது என்று தெரியாமல் போத்தல்கள் உருண்டு கிடந்தன.

அப்படி ஆனால் ஐயா மோந்து பார்த்துத்தான் கண்டுபிடிப்பார். அன்றைக்கும் மூடியைத் திறந்து மோந்தார். ஆனால் அந்த வாரம் முழுக்க அவருக்குக் கடுமையான தடிமன். மூக்கு அடைத்து, குரலும் கம்மியிருந்தது. மோந்தார், யோசித்தார், புதுச் சீட்டு எழுதி ஒட்டினார். மறுநாள் காலையில் “பிள்ளை இருமல்” என்று வாசித்தார். ஊசிச் சட்டிக்குப் பக்கத்திலிருந்து நானும் “பிள்ளை இருமல், ஐயா” என்றேன். எங்கள் வழக்கம் ஒரு எழுத்தும் பிசகாமல் நடந்தது.

அன்று பிற்பகல் சடையன் தாத்தா வந்தார். வேலையிலிருந்து நின்று வருடங்களாகிவிட்டன, ஆனால் இருமலிலிருந்து நிற்கவில்லை. இருமல் மருந்தின் மேல் அவருக்கு ஒரு ஆசை. குடித்தால் நல்ல தூக்கம் வரும். போத்தலை மேசையில் டொக்கென்று வைத்தார்.

“டிரெஸ்ஸரு, இது என்னா மருந்து? பால்குடி மருந்தால்ல இருக்கு? மூணு மடக்கு குடிச்சேன், ஒரு கொட்டாவி வரல லா!”

விறாந்தையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

“பிள்ளை, உம்மட மூக்கு நல்லாத்தானே இருக்கு? ரெண்டையும் மணந்து பாரும்.”

பெரியவர்கள் மருந்தில் கற்பூரம் மாதிரி ஒரு காரவாடை வரும். அது ‘பிள்ளை இருமல்’ என்று எழுதின போத்தலிலிருந்து வந்தது. நான் வாயால் சொல்லவில்லை, விரலால் காட்டினேன்.

தாத்தாவுக்குப் பிள்ளை மருந்து போயிருந்தால் பிள்ளைகளுக்குத் தாத்தா மருந்து போயிருக்கிறது. காலையில் எந்த எந்தத் தாய் வந்தாள் என்று இருவரும் வாய்விட்டுச் சொன்னோம். மேல் லயத்தில் மூன்று வீடு. நான் ஓடினேன். ஒருத்தி இன்னும் கொடுக்கவில்லை, ஒருத்தி பிள்ளை துப்பிவிட்டது என்றாள், மூன்றாவது போத்தல் மூடியே திறக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மூன்றையும் மடியில் கட்டிக்கொண்டு திரும்பினேன். மீதி ஒன்று, தோட்டத்தின் கீழ்ப் பிரிவான ஆற்று டிவிசனில் இருக்கும் பூங்காவனம். அவள் மகனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை.

“கெதியா, மாரிமுத்து!” என்றார் ஐயா. மூவரும் வெள்ளைக் காரில் ஏறினோம்.

ஆற்று டிவிசன் பள்ளத்தில் இருந்தது. போகும் பாதை தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும், மேலிருந்து வருகிற வண்டி கீழே இருக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அண்ணன் ஒவ்வொரு முடக்கிலும் ஹாரன் அடித்தார். கீச்சென்று குருவி கத்துவது போல ஒரு சத்தம். கடைசி முடக்கில் திரும்பும்போது கீழே யாரோ தகரத்தைத் தட்டும் ஓசை கேட்டது. டங், டங், டங்.

“போச்சு லா,” என்றார் அண்ணன்.

அந்த டிவிசனில் சிலர் ஒளித்து வைத்துச் சம்சு காய்ச்சுவார்கள். நாட்டுச் சாராயம்தான். கஸ்டம்ஸ்காரர்கள் வந்தால் பிடித்துப் போவார்கள். அவர்கள் வருவது வெள்ளைக் காரில், அதைக் கண்டவர் தகரத்தைத் தட்டி மற்றவர்களுக்குச் சொல்வார். நாங்கள் லயத்துக்கு முன்னால் போய் நின்றபோது ஒரு ஆள் இல்லை. கதவெல்லாம் அடைத்திருந்தது. ஒரு வீட்டு வாசலில் பாதி முறம் அரிசி, பக்கத்தில் கோழி ஒன்று நிதானமாகக் கொத்திக்கொண்டிருந்தது. சனம் முழுக்கத் தேயிலைக்குள் பதுங்கிவிட்டது.

அண்ணன் இறங்கிக் கத்தினார். “ஏய்! நான்தான் மாரிமுத்து! ஆஸ்பத்திரி காடி இது!”

பதில் இல்லை. போன மழைக்காலத்தில் கஸ்டம்ஸ்காரர்கள் ஒரு லோரி டிரைவரை மிரட்டி முன் ஸீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். தெரிந்த டிரைவர் குரலை அதற்குப் பிறகு யாரும் நம்புவதில்லை.

ஐயா தன் கம்மின தொண்டையால் கத்தினார். “பயப்பிடாதேயுங்கோ! போத்தலைக் கொண்டு வாங்கோ! போத்தல்! எல்லாரும் போத்தலைக் கொண்டு வாங்கோ!”

லயத்துக்குப் பின்னால் மடமடவென்று எதையோ ஊற்றும் சத்தம். சம்சு வாடை சாக்கடை வழியாக எங்களை நோக்கி வந்தது.

“ஐயா, போத்தலுன்னு சொல்லாதீங்க! சரக்க ஊத்திக்கிட்டிருக்காங்க!” என்று அண்ணன் தலையில் கை வைத்தார்.

அப்போது ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். கார்க் கதவைத் திறந்து, கீழ்ப் படியில் ஏறி நின்று, உடம்பில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

“நான் கல்கண்டு ஆயா வந்திருக்கேன்!”

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. தேயிலைக்குள் ஒரு சலசலப்பு. பிறகு ஒரு ஆண் குரல்.

“டேய், நம்பாத! அது ஆயா இல்ல! ஆயா வாயத் தொறந்தா பக்கத்துல இருக்கிற ஈகூடப் பறக்காது. எவளையோ கூட்டியாந்து கத்த விடறானுங்க!”

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கினேன். நிரைக்கு நிரை நடந்தேன். விறாந்தையில் தாய்மார்களைக் கூப்பிடுவது போல, எனக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லிக்கொண்டே போனேன். “பூங்காவனம்... மருந்துக்கு வாம்மா... பூங்காவனம்... நான்தான்மா...” ஈரக் கிளை முகத்தில் அடித்தது. ஒருவர் குந்தியிருந்தார், என்னை நிமிர்ந்து பார்த்து வாயைப் பிளந்தார். முன்பு கத்தின ஆள் அவர்தான். “ஐயோ, ஆயாவேதான்!” என்றார்.

இரண்டு நிரை தள்ளி, காலடியில் இருந்து கேட்டது. “ஆயா, இங்க. உக்காருங்க, தெரியப்போவுது.”

பூங்காவனம் நிரைக்கு நடுவே தண்ணீர் ஓடும் கானுக்குள் முழங்கால் ஈரத்தில் குந்தியிருந்தாள். பிள்ளை அவள் தோளில்.

“கஸ்டம்ஸ் இல்லம்மா. நம்ம வேன் ரிப்பேருக்குப் போயிருக்கு. இது பிஞ்சாம் காடி. மருந்து குடுத்தியா?”

“குடுத்தேன் ஆயா. மத்தியானம் ரெண்டு கரண்டி. நல்லா கேக்குது மருந்து. இருமவே இல்ல, தூங்குறான். நல்ல வேள ஆயா, இப்ப அழுதிருந்தான்னா எல்லாரும் மாட்டியிருப்போம்.”

அவள் சிரித்த முகமாகச் சொன்னாள். நான் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினேன். உள்ளங்காலைக் கிள்ளினேன். தலை என் கையில் துவண்டது. மூச்சு இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையில் நான் காத்திருக்க வேண்டியிருந்தது.

பிள்ளையை வாங்கிக்கொண்டு ஓடினேன். ஐயா பின் ஸீட்டில் அவனை நிமிர்த்திப் பிடித்தார். “தூங்க விடாதேயும்! காலைத் தட்டும்! பேரைச் சொல்லும்!” பூங்காவனம் அப்போதும் என்ன என்று புரியாமல், சேறு ஒட்டின காலை அந்த ஸீட்டில் படாமல் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தானா ராத்தா வரைக்கும் நான் அவன் பாதத்தைத் தட்டித் தட்டி என் விரல் சிவந்தது. நடுவில் கொழுந்து லோரி ஒன்று எதிரே வந்தது. குருவி ஹாரனுக்கு அது ஓரம் கட்டவில்லை. அண்ணன் தலையை வெளியே நீட்டி, நம் வேனின் தொண்டை கட்டின ஹாரனைப் போலத் தன் வாயாலேயே கத்தினார். லோரி ஒதுங்கியது. இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையை உள்ளே கொண்டுபோனார்கள். டாக்டர் வெளியே வந்து கேட்கும் முன்பே ஐயா எழுந்து போய் அவரிடம் ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு மொழி புரியவில்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசினார், அதனால் என்ன சொல்கிறார் என்று தெரிந்தது. பிறகு வந்து பூங்காவனத்திடம் தமிழில் சொன்னார். நான் மருந்தை மாற்றித் தந்துவிட்டேன் அம்மா, பிழை என்னுடையது என்று. அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விளக்குப் போடும் நேரத்துக்கு உள்ளேயிருந்து பிள்ளையின் அழுகை கேட்டது. வீறிட்டு, முழுத் தொண்டையில். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்கள் எல்லாம் சிரித்தார்கள். பூங்காவனம் அப்போதுதான் அழுதாள்.

திரும்பும்போது அவளையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் விட்டு நாங்கள் மூவர் மட்டும்.

“ஐயா,” என்றார் மாரிமுத்து அண்ணன். “புள்ளைக்கு ஒன்னும் ஆகல. பூங்காவனம் வெளிய சொல்ல மாட்டா. தொரைக்குத் தெரிஞ்சா உங்க வேல போயிரும். விட்டுருங்க லா.”

“மாரிமுத்து, உம்மட வேனுக்கு என்ன ஆனது?”

“ஒன்னும் ஆகலயே.”

“பிறகேன் கூப்பிட்டவன்?”

அண்ணன் வைப்பரைப் போட்டார். முதல் தடவையாகச் சரியான விசையைத் தொட்டார்.

ஐயா அப்படியே துரை பங்களாவில் இறங்கிக்கொண்டார். அப்போது துரை வெள்ளைக்காரர் இல்லை, நம்மவர்தான், ஆனாலும் துரை. நாங்கள் காரிலேயே இருந்தோம். வெளியே வந்ததும் ஐயா சொன்னார். “வேற ஆருக்குத் தெரியும் எண்டு கேட்டார். இனி எல்லாருக்கும் தெரியும் எண்டன்.”

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லாரும் கூடும் இடத்தில், டிரெஸ்ஸர் ஐயா வந்து நின்றார். அவர் ஒருநாளும் பெரட்டுக்கு வந்தவர் இல்லை. கம்மின குரலில் நடந்ததைச் சொன்னார். “நேற்றுத் தந்த இருமல் மருந்து எல்லாத்தையும் திரும்பக் கூப்பிடுறன்” என்றார். அந்தச் சொல்லையே சொன்னார்.

“அப்ப எம் மருந்த அந்தப் பொடியன் குடிச்சிட்டானா?” என்று சடையன் தாத்தா பின்னாலிருந்து கேட்டார். “அதான பாத்தேன்!” கூட்டம் சிரித்தது.

பூங்காவனத்தின் புருஷன் முனியன் சிரிக்கவில்லை. முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, எம் புள்ள செத்திருந்தா?”

“செத்துத்தான் இருக்கும், முனியன்” என்றார் ஐயா. வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

முனியன் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தேயிலைக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறிப் போனார். அடி விழும் என்று நான் பயந்திருந்தேன். ஐயாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார்.

துரை ஐயாவை அனுப்பவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேலிடத்துக்கு எழுதினார் என்றார்கள், பதில் என்ன வந்தது என்று நாங்கள் கேட்கவில்லை. எனக்கு நினைவிருப்பது வேறு. கொஞ்ச நாள் கழித்து முனியன் அதே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கழுவின போத்தலோடு வந்தார். ஐயா வாசித்தார், நான் திருப்பிச் சொன்னேன், ஐயா ஊற்றினார். முனியன் போத்தலை வாங்கியதும் மூடியைத் திறந்து, ஐயாவின் கண்ணுக்கு முன்னாலேயே மோந்து பார்த்தார்.

“என்ன மணக்குது?” என்று கேட்டார் ஐயா.

“இனிப்பா இருக்கு.”

“சரி. கொண்டு போம்.” பிறகு வரிசையைப் பார்த்து, “இனி எல்லாரும் மணந்து பாத்துத்தான் வாங்க வேணும்” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் அது மூன்றாவது வழக்கமாகிவிட்டது. அவர் வாசிப்பார், நான் திருப்பிச் சொல்வேன், தாய் மோந்து பார்ப்பாள். சடையன் தாத்தா மட்டும் மோந்துவிட்டுக் கண்ணை மூடி இன்னொரு தடவை மோப்பார்.

சாமான் வந்து வேனும் திரும்பியது. மாரிமுத்து அண்ணன் ஈப்போவுக்கு வெள்ளைக் காரை எடுத்துப் போகும் காலையில், நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். அவர் அதைக் கழுவியிருந்தார். பின் ஸீட்டில் இருந்த சேற்றுத் தடத்தைச் சோப்புப் போட்டுத் துடைத்திருந்தார். நெற்றிக் கண்ணாடியில் விபூதி. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினார். வரும்போது செய்யாத பூசையைப் போகும்போது செய்த ஆளை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

“அடுத்தவன் காடின்னு சொன்னீங்களே அண்ணே?”

“புள்ளைய ஏத்திட்டுப் போச்சுல்ல, தங்கச்சி” என்று சொல்லிவிட்டுக் கதவை அடைத்தார். டொப்.

கம்பெனி ஏன் தானாக வந்து பிழையைச் சொன்னது என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. சட்டம் அப்படி என்கிறான் அண்ணன் மகன். இருக்கலாம். ஐயாவுக்கு எந்தச் சட்டமும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போனார், பிறகு காலமாகிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இதைப் படித்துச் சரி, தவறு சொல்ல அவர் இல்லை.

அதனால் மற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வேனில் கழன்றது ஸ்டியரிங் இணைப்பா பிரேக்கா என்று மாரிமுத்து அண்ணனுக்குத் தெரியும். அவர் மகன் வீட்டோடு லெம்பா பெர்த்தாமில் இருக்கிறார், யாராவது போய்க் கேளுங்கள். கஸ்டம்ஸ் கார் வெள்ளையா நீலமா என்று ஆற்று டிவிசன் ஆட்கள் சொல்லட்டும். அந்தப் பிள்ளையின் பெயரை வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு போனேன், இப்போது எழுத உட்கார்ந்தால் வரவில்லை. அவனே இதைப் படித்தால் தேவியிடம் சொல்லி அனுப்பட்டும். நான் சொன்னதில் எங்காவது போத்தல் மாறியிருந்தால், மலர் அச்சாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை, தயங்காமல் இதைத் திரும்பக் கூப்பிடுங்கள்.